தானம் தந்தவரும் நம் நோயாளியே

இரத்த வங்கியின் முகப்பில் நாள்தோறும் எங்கள் காதில் விழும் கோரிக்கை ஒன்று உண்டு. "யாரோ கொடுத்த இரத்தம் எங்களுக்கு வேண்டாம், டாக்டர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான பையன்கள். அவர்கள் இரத்தத்தையே எடுத்து ஏற்றிவிடுங்கள்" என்பார்கள். அந்தப் பையன்கள் சற்றுத் தள்ளி வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள். பார்வைக்கு அவர்கள் உடலில் ஒரு குறையும் தெரியாது.

முகம் தெரியாத ஒருவரின் இரத்தத்தில் என்ன இருக்குமோ என்று அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தெரிந்த முகம் என்பதும், திடமான உடல் என்பதும் இரத்தத்தின் தூய்மைக்குச் சான்றாகமாட்டா. இரத்தத்தைப் பாதுகாப்பானதாக்குபவை இரண்டு. ஒன்று, நாங்கள் செய்யும் பரிசோதனை. மற்றொன்று, கொடையாளர் அச்சமின்றிச் சொல்லும் உண்மை. முதலாவது எங்கள் பொறுப்பு. இரண்டாவதற்கு உங்கள் துணை வேண்டும். அந்த உண்மையைச் சொல்ல முடியாத சூழலை நாமெல்லோரும் சேர்ந்தே உருவாக்கி வைத்திருக்கிறோம் என்பதையும், அதை மாற்றும் வழியையும் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

அறிகுறியில்லாத தொற்று

ஹெபடைடிஸ்-பி, ஹெபடைடிஸ்-சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அவை உடலுக்குள் நுழைந்த பின்னர் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் தராமல் தங்கியிருக்கக்கூடியவை. பசி குறையாது, எடை இறங்காது, கண் மஞ்சளாகாது. அந்த மனிதர் வயலில் உழைப்பார், பேருந்து ஓட்டுவார், மாலையில் கைப்பந்து ஆடுவார். இரத்த தானத்துக்கு வந்தால் எடையும், இரத்த அழுத்தமும், ஹீமோகுளோபின் அளவும் சரியாகவே இருக்கும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ்-பி தொற்றுடனும், 55 இலட்சம் பேர் ஹெபடைடிஸ்-சி தொற்றுடனும் வாழ்ந்து வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமக்குத் தொற்று இருப்பதை அறியாதவர்கள். அறிந்தும் மறைத்தவர்கள் சிலரே. எனவே, 'மறைந்திருக்கும் தொற்று' என்று நாங்கள் சொல்லும்போது, அது பெரும்பாலும் அம்மனிதருக்கே மறைந்திருக்கும் தொற்று என்று கொள்ள வேண்டும்.

இத்தொற்று எப்படி வந்தது என்ற கேள்விக்குச் சமூகம் ஒரே ஒரு விடையைத்தான் வைத்திருக்கிறது. அது நடத்தையைப் பற்றிய ஐயம். மருத்துவ உண்மை வேறு. ஹெபடைடிஸ்-பி வைரஸ் வளர்ந்த ஒருவரைத் தாக்கினால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களிடமே அது நிலைத்துத் தங்கும். ஏனையோர் உடல் அதனை வெளியேற்றிவிடும். பிறப்பின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினாலோ, நூற்றில் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிலைத்துவிடும். ஆகவே இன்று முப்பது வயதில் இரத்த தானத்துக்கு வந்து, தொற்று உள்ளவர் என்று கண்டறியப்படும் இளைஞர்களில் பலர், அதைப் பிறந்த நாளிலோ கைக்குழந்தைப் பருவத்திலோ பெற்றவர்களாக இருக்கக்கூடும். ஐந்து நோய்களுக்கு எதிரான ஒருங்கிணைந்த தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதன்முதலாக அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஹெபடைடிஸ்-பி தடுப்பு அதில் அடங்கும். அதற்கு நெடுநாள் முன்பே பிறந்துவிட்டவர்களே இன்று எங்கள் முன் கொடையாளர்களாக வந்து அமர்கிறார்கள்.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு

தானமாகப் பெறப்படும் ஒவ்வோர் அலகு இரத்தத்தையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி, ஹெபடைடிஸ்-சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் சட்டம். இவற்றுள் எந்த ஒன்றில் ஐயம் எழுந்தாலும் அந்த இரத்தம் நோயாளிக்குச் செல்லாது, அழிக்கப்படும். நம் மருத்துவமனையில் இதற்கு விதிவிலக்கு இல்லை.

எனினும் உங்களிடம் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. தொற்று உடலில் நுழைந்த நாளும், அது பரிசோதனையில் தென்படும் நாளும் ஒன்றல்ல. இடைப்பட்ட நாட்களைச் 'சாளரக் காலம்' என்கிறோம். உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனைகளில் எச்.ஐ.வி. தென்படுவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களும், ஹெபடைடிஸ்-சி தென்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களும் ஆகின்றன. ஹெபடைடிஸ்-பி வைரஸின் மேலுறைப் புரதம் சோதனையில் சிக்குவதற்கு ஒன்று முதல் இரண்டு மாதங்கள் ஆகலாம். இந்நாட்களில் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். சோதனை முடிவோ 'இல்லை' என்றே வரும்.

வைரஸின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் சோதனை ஒன்று உண்டு. 'நாட்' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இது எச்.ஐ.வி.யின் சாளரக் காலத்தை ஏறத்தாழ பத்து நாட்களுக்கும், ஹெபடைடிஸ்-சி-யின் காலத்தை ஏறத்தாழ ஒரு வாரத்துக்கும், ஹெபடைடிஸ்-பி-யின் காலத்தைச் சுமார் மூன்று வாரங்களுக்கும் குறைக்கிறது. நம் நாட்டில் இச்சோதனை சட்டப்படி கட்டாயமாக்கப்படவில்லை, செலவும் மிகுதி. வசதியுள்ள இரத்த வங்கிகள் தாமாகவே செய்கின்றன. அது எல்லா இடங்களுக்கும் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆனால் அது வந்தாலும் சாளரம் சுருங்குமே தவிர முற்றிலும் மூடிவிடாது.

இன்னொரு நிலையும் இருக்கிறது. சிலருக்கு ஹெபடைடிஸ்-பி வைரஸ் கல்லீரல் செல்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். மேலுறைப் புரதம் இரத்தத்தில் தென்படாது. வைரஸின் மரபுப்பொருள் மிகச் சொற்ப அளவில், அதுவும் விட்டுவிட்டு, இரத்தத்தில் வரும். மருத்துவத்தில் இதனை 'மறைநிலை ஹெபடைடிஸ்-பி' என்கிறோம். வழக்கமான சோதனை இதைத் தவறவிடும். 'நாட்' சோதனைகூடச் சில வேளைகளில் தவறவிடலாம். பழைய தொற்றின் தடயமான வேறோர் எதிர்ப்புப் பொருளையும் தேடி, அது இருப்பவர்கள் அனைவரையும் விலக்கிவிடும் நாடுகள் உண்டு. தொற்று பரவலாக உள்ள நம் நாட்டில் அப்படிச் செய்தால், நோய் நீங்கி நலமாயிருக்கும் பெருந்தொகையான கொடையாளர்களையும் இழக்க நேரிடும். இரத்தம் கிடைக்காமல் உயிர் போவதும் ஆபத்துதான். இரு ஆபத்துகளையும் எடைபோட்டே ஒவ்வொரு நாடும் தன் வழியைத் தேர்ந்திருக்கிறது.

இதைப் படித்து அஞ்ச வேண்டாம். சோதிக்கப்பட்ட இரத்தத்தின் மூலம் தொற்று வருவது அரிது. பேறுகாலத்தில் இரத்தப்போக்கால் தவிக்கும் தாய்க்கும், விபத்தில் அடிபட்டவருக்கும், தலசீமியா உள்ள குழந்தைக்கும் இரத்தம் ஏற்றாமல் விடுவதே பேராபத்து. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். சோதனை காண முடியாத அந்தச் சிறு இடைவெளியைக் கொடையாளரின் வாய்மொழி ஒன்றுதான் அடைக்க முடியும்.

வரலாறு கற்றுத் தந்தது

இது எங்கள் ஊகம் அன்று. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 1960-களில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பல அலகுகள் இரத்தம் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது. அக்காலத்தில் இரத்தத்தின் பெரும்பகுதி பணத்துக்கு விற்பவர்களிடமிருந்து பெறப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்குவதை நிறுத்திவிட்டுத் தன்னார்வக் கொடையாளர்களை மட்டும் நாடினார்கள். பாதிப்பு ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. பாரூக் புளும்பெர்க் கண்டறிந்த 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' வழியாக ஹெபடைடிஸ்-பி-க்கான சோதனையும் அதே காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அன்றைய சோதனை கூர்மையற்றது. வீழ்ச்சியின் பெரும்பங்கு, கொடையாளர்கள் மாறியதால் விளைந்தது என்பதே அந்த ஆய்வுகளை நடத்திய ஹார்வி ஆல்டர் குழுவினரின் முடிவு. ஹெபடைடிஸ்-சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989-இல்தான். அதாவது, பெயரே தெரியாத ஒரு வைரஸைக்கூட, யாரிடம் இரத்தம் பெறுகிறோம் என்பதை மாற்றியதன் மூலம் பெருமளவு தடுக்க முடிந்திருக்கிறது. ஆல்டர் 2020-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது சென்னையில், 1986-ஆம் ஆண்டில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் வழியாக. இரத்தத்தின் பாதுகாப்பைப் பற்றி நாடு அதன் பின்னரே விழித்துக்கொண்டது. இரத்தம் விற்பதை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் ஆணையிட்டது. 1998 முதல் அது தடை செய்யப்பட்டது. ஹெபடைடிஸ்-சி சோதனை 2001 முதல் கட்டாயமாயிற்று.

விற்பவர்கள் மறைந்தார்கள். ஆனால் அவர்களுடைய இடத்தில் முழுமையாகத் தன்னார்வலர்கள் வந்து அமரவில்லை. "இரண்டு அலகு வேண்டும், இரண்டு பேரை அழைத்து வாருங்கள்" என்ற பதிலீட்டு முறை பல இடங்களில் தொடர்கிறது. அதைப் படிப்படியாக நீக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் தேசிய இரத்தக் கொள்கையே கூறுகிறது. இந்த முறையில்தான் கொடையாளரின் உண்மை சிக்கிக்கொள்கிறது.

ஆலோசனை அறையில் நடப்பது

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். அடையாளங்களை மாற்றியிருக்கிறோம். தந்தையின் அறுவைச் சிகிச்சைக்காக மகன் இரத்தம் கொடுக்க வந்தார். தாய்மாமன் உடன் வந்து, ஆலோசனை அறையிலும் பக்கத்து நாற்காலியில் அமர்ந்துகொண்டார். "எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததுண்டா? யாராவது உங்களிடம் இரத்தத்தில் கிருமி இருப்பதாகச் சொன்னதுண்டா?" என்று எங்கள் ஆலோசகர் கேட்டார். மகன் வாய் திறப்பதற்கு முன் மாமன் பதில் சொன்னார்: "அவனுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை, எழுதிக்கொள்ளுங்கள்." மகன் தலையசைத்தார். நாங்களும் எழுதிக்கொண்டோம்.

அந்த இரத்தத்தில் ஹெபடைடிஸ்-பி இருப்பது சோதனையில் தெரிந்தது, அது அழிக்கப்பட்டது. அவரைத் தனியே அழைத்துப் பேசியபோது, ஓராண்டுக்கு முன் வேறோர் இடத்தில் இதையே தமக்குச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். "மாமா பக்கத்தில் இருந்தார், சார். அப்பாவுக்கு இரத்தம் கொடுக்கமாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது?" என்றார். அவர் பொய்யர் அல்லர். அன்றைய தவறு எங்களுடையது. மாமனை வெளியே இருக்கச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. அன்று சோதனை பிடித்துவிட்டது. சாளரக் காலத்தில் இருக்கும் ஒருவர் இதே நாற்காலியில் இதே போல் தலையசைத்திருந்தால் சோதனை கைகொடுத்திருக்காது.

அவருடைய குடும்பத்தாரைப் பின்னர் பரிசோதித்தபோது தாய்க்கும் தொற்று இருந்தது. அவருக்கும் அதுவரை ஓர் அறிகுறியும் இல்லை. மகனுடைய மனைவிக்குத் தொற்று இல்லை. உடனே தடுப்பூசி போடப்பட்டது. தாயின் கல்லீரலில் மாற்றங்கள் தொடங்கியிருந்தமையால் மருந்து தொடங்கினோம். அந்த மகன் கொடுக்க வந்த இரத்தம் தந்தைக்குப் பயன்படவில்லை. ஆனால் அது தாயைக் காத்தது.

சொல்லப்படாமற்போன செய்தி

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு, தமிழ்நாட்டில் எல்லோரும் நாளிதழ்களில் படித்ததே. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில், இரத்தசோகைக்காக இரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. இரத்தம் கொடுத்தவர் 19 வயது இளைஞர். அவர் 2016-இலேயே ஒரு முறை தானம் செய்திருந்தார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை. 2018-இல் உறவினர் ஒருவருக்காக மீண்டும் கொடுத்தார். பின்னர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் உண்மை தெரிந்ததும், தம் இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று அவரே முன்வந்து தெரிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அடுத்த சில நாட்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்நிகழ்வைப் பலரும் சோதனையில் நேர்ந்த பிழையின் கதையாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். பிழை நேர்ந்தது, விசாரணைகளும் நடந்தன. எங்களை இன்றும் உறுத்துவது 2016-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட மௌனம். ஓர் இளைஞரின் உடலில் தொற்று இருப்பதை ஒரு பதிவேடு அறிந்திருந்தது, அவர் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சிகிச்சை தொடங்கியிருக்கும். மறுமுறை அவர் கொடுக்க முன்வந்திருக்கமாட்டார். அந்தத் தாயும் தப்பியிருப்பார். தாமாகவே ஓடிவந்து சொன்னவர் அவர். அவரை முதலில் தேடிச் சென்றிருக்க வேண்டியவர்கள் இரத்த வங்கித் துறையினராகிய நாங்கள்.

இதனால்தான் தானம் தந்தவரையும் எங்கள் நோயாளி என்கிறோம். அவருடைய இரத்தத்தை அழித்ததோடு எங்கள் கடமை முடிவதில்லை. அவரை அழைத்து, தனியறையில் அமர்த்தி, அவருடைய மொழியில் செய்தியைச் சொல்லி, உறுதிச் சோதனைக்கு ஏற்பாடு செய்து, சிகிச்சை கிடைக்கும் இடம் வரை கைப்பிடித்துச் சேர்க்க வேண்டும். முதல் சோதனை சில வேளைகளில் தொற்றே இல்லாதவரையும் இருப்பதுபோல் காட்டும் என்பதால் உறுதிச் சோதனை இன்றியமையாதது. நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. வீட்டில் வேறொருவர் பிரித்துப் படிக்கக்கூடும். கொடையாளரிடம் மட்டுமே தொலைபேசியில் பேசுகிறோம். வேறு யார் எடுத்தாலும் காரணம் சொல்வதில்லை. எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதலின்றிப் பிறருக்கு வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும் தடை செய்கிறது.

அறிந்துகொள்வதால் நன்மை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ்-சி தொற்றை இன்று பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளால் முற்றிலும் நீக்கலாம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஹெபடைடிஸ்-பி உள்ள அனைவருக்கும் மருந்து தேவைப்படாது. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை கண்காணிப்பு தேவை. வேண்டிய வேளையில் நாளுக்கொரு மாத்திரை போதும். எச்.ஐ.வி.க்கு முறையாக மருந்து உண்பவர் நீண்ட காலம் நலமாக வாழ்கிறார். கல்லீரல் அழற்சிக்கான சோதனையும் மருந்தும் 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின்கீழ் இலவசம். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களும் கூட்டு மருந்துச் சிகிச்சை மையங்களும் இருக்கின்றன. ஒரே தட்டில் உண்பதாலோ, தோளில் கை போடுவதாலோ இவை பரவுவதில்லை.

"அப்படியென்றால் இரத்தத்துக்கு நாங்கள் எங்கே போவது?"

இக்கேள்வி நியாயமானது. நள்ளிரவில் உதிரப்போக்குடன் ஒரு தாய் வரும்போது, தன்னார்வக் கொடையைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது. உறவினர் கொடை இன்றே நின்றுவிட வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. நின்றால் இரத்த வங்கிகள் பல வெறுமையாகிவிடும். ஆனால் சொந்த இரத்தம் தூய இரத்தம் என்ற நம்பிக்கை விலக வேண்டும். நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொடுத்தவரின் வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அயலென்று அறியாமற்போகலாம். அப்போது அவ்வணுக்கள் அங்கே தங்கிப் பெருகி, நோயாளியின் உடலையே தாக்கும் அரிய, ஆனால் கொடிய நிலை ஏற்படக்கூடும். அதனால்தான் உறவினர் இரத்தத்தை நேரடியாக ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தவறாமல் வரும் தன்னார்வக் கொடையாளரோ ஒவ்வொரு வருகையிலும் சோதிக்கப்பட்டவர். அவரை யாரும் நெருக்கவில்லை. வேண்டாம் என்று நினைத்தால் அவர் வராமலிருக்கலாம். நோயாளிக்கு அறிமுகமில்லாத அவரே பெரும்பாலும் பாதுகாப்பான கொடையாளர்.

ஆகவே நோயாளிகளிடமும் உடனிருப்போரிடமும் சிலவற்றை வேண்டுகிறோம்.

முதலாவது, இரத்தம் தேவைதானா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். "ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும்" என்று நீங்களாக வற்புறுத்த வேண்டாம். இரத்தசோகை பலருக்கு இரும்புச்சத்து மாத்திரைகளாலும், தேவையெனில் இரும்புச்சத்து ஊசியாலும் சரியாகும். கர்ப்பிணிகள் முதல் மாதங்களிலேயே ஹீமோகுளோபினைச் சோதித்து மாத்திரைகளைத் தவறாது உட்கொண்டால், கடைசி நேரத்தில் இரத்தம் ஏற்றும் தேவை பெரும்பாலும் எழாது. ஏற்றாத இரத்தத்தால் எந்தத் தொற்றும் வராது.

இரண்டாவது, நீங்கள் அழைத்து வருபவரை ஆலோசனை அறைக்குள் தனியே அனுப்புங்கள். தகப்பனானாலும், கணவரானாலும், மேலாளரானாலும் வெளியில் இருங்கள்.

மூன்றாவதாக வேண்டுவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. இரத்தம் எடுக்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்பினால், ஏன் என்று அவரிடமும் கேட்காதீர்கள், எங்களிடமும் கேட்காதீர்கள். ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருந்தாலும், எடை 45 கிலோவுக்குக் குறைந்தாலும், முந்தைய இரவு தூங்காமலிருந்தாலும், பச்சை குத்தி ஓராண்டு ஆகாமலிருந்தாலும் திருப்பி அனுப்புவோம். நூறு சாதாரணக் காரணங்கள் இருக்கின்றன. உங்கள் மௌனம் அந்த நூறுக்குள் நூற்றியோராவது காரணத்துக்கும் இடம் தரும். அந்த இடம் கிடைக்கும் என்று தெரிந்தால்தான், சொல்ல வேண்டியவர் உள்ளே வந்து சொல்வார்.

கொடையாளர்களுக்கும் சில சொற்கள். தொற்று இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள இரத்த தானத்தைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கென்றே நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுவார்கள். உங்கள் சரியான தொலைபேசி எண்ணைப் படிவத்தில் எழுதுங்கள். நாங்கள் உங்களைத் தேடி வருவதற்கு வேறு வழி இல்லை. கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பின் மனம் உறுத்தினால், எங்களை அழைத்து, "என் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் கேட்கமாட்டோம். ஓர் அலகு இரத்தம் சிவப்பணுக்கள், தட்டணுக்கள், பிளாஸ்மா என்று பிரிக்கப்பட்டு மூன்று பேர் வரை சென்றடையும். எனவே அந்த ஓர் அழைப்பு மூவரைக் காக்கும்.

தடுப்பூசியையும் மறந்துவிட வேண்டாம். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடப்பட வேண்டும். போட்டுக்கொள்ளாத பெரியவர்கள் இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என மூன்று தவணைகளில் போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி இரத்தம் பெறுவோரும், டயாலிசிஸ் செய்துகொள்வோரும், வீட்டில் தொற்றுள்ளவருடன் வாழ்வோரும் தங்களுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

இறுதியாக ஓர் அழைப்பு. இன்று உங்கள் நோயாளிக்காக ஆள் தேடி அலைந்த நீங்கள், அவர் நலம்பெற்று வீடு திரும்பிய பின், நாட்காட்டியில் மூன்று மாதம் கழித்து ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று யாரும் அழைக்காமல், யாருக்காகவும் என்றில்லாமல் வாருங்கள். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும் தானம் செய்யலாம். அன்று உங்கள் பக்கத்தில் மாமன் இருக்கமாட்டார். அறுவைச் சிகிச்சை அரங்கின் வாசலில் யாரும் காத்திருக்கமாட்டார்கள். எங்கள் ஆலோசகர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளது உள்ளபடி பதில் சொல்ல உங்களுக்கு எந்தத் தடையும் இராது. நள்ளிரவில் வரும் அந்தத் தாய்க்கு நாங்கள் எடுத்துத் தர விரும்புவது அப்படிக் கிடைத்த இரத்தத்தையே.